பாதி ஜெபத்தில் ஓடியவள்

என் மகள் விடியற்காலையில் ஏனாத்தூர் சாலையில் ஓடப் போக ஆரம்பித்ததிலிருந்து எங்கள் வீட்டுக் காலை ஜெபத்தில் ஒரு ஆள் குறைந்துவிட்டது. இரண்டுக்கும் ஒரே நேரம். "ஓடிக்கினே ஜெபம் பண்றேம்மா" என்பாள். நான் நம்பவில்லை. கர்த்தருக்கு முன் முழங்கால் போட நேரமில்லையா என்று எரிந்து விழுவேன். மழை என்றோ கால் வலி என்றோ அவள் ஒருநாளும் படுத்ததில்லை. அந்த ஒழுங்கில் பாதியாவது பைபிளுக்கு இருக்கக் கூடாதா? பெண் விசுவாசத்தை விட்டுப் போகிறாள் என்ற பயம்தான் எனக்கு.

அதனால் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கும் தேர்வு நாளன்று நானும் மைதானத்துக்குப் போனேன். எண்ணூறு மீட்டரில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் அந்த விடுதியில் சேர்த்துக்கொள்வார்கள். அடுத்த வருடம் அவளுக்கு வயது தாண்டிவிடும். ஓட்டத்துக்கு முன் பாஸ்டரை ஜெபிக்கச் சொல்லியே தீருவது என்று, போனை ஸ்பீக்கரில் போட்டு அவள் தலையில் கை வைத்தேன். எங்கள் சபையில் பாஸ்டர் ஜெபிக்கும்போது யாரும் குறுக்கே பேச மாட்டோம். அவர் ஆமென் சொல்லும்வரை அசையவும் மாட்டோம்.

பாஸ்டர் எங்கள் குடும்பத்தில் தொடங்கி, தெருவுக்கு வந்து, ஊருக்குப் போனார். மைக்கில் இரண்டாம் அழைப்பு கேட்டது. அடுத்த அழைப்புக்கும் தொடக்கக் கோட்டுக்குப் போகாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். போனை அணைக்கக் கை வரவில்லை. "போதும் பாஸ்டர்" என்று சொல்ல நாக்கும் எழவில்லை. அவரோ தேசத் தலைவர்களுக்காக ஜெபிக்க ஆரம்பித்திருந்தார். என் கைக்கடியில் அவள் தலை மைக் பக்கம் திரும்பியது.

கடைசி அழைப்பு.

"ஆமென்!" என்று கத்திவிட்டு ஓடினாள்.

என் கை அந்தரத்தில் நின்றது. பாஸ்டர் சட்டென்று நிறுத்தினார். "இன்னாம்மா ஆச்சு?"

அவமானத்தில் எனக்கு முகமெல்லாம் எரிந்தது. "ஓடிட்டா பாஸ்டர். மைக்ல கூப்ட்டுட்டாங்க."

"முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா? கோட்டுக்குப் போய்ட்டுதா?"

போய்விட்டாள். துப்பாக்கி வெடித்தது. முதல் சுற்று முடியும்போது நான்காவதாக வந்தாள்.

"எத்தினியாவதா வருது?" என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தார் பாஸ்டர். கடைசி வளைவில் ஒருத்தியைத் தாண்டினாள். இன்னும் ஒருத்தியைத் தாண்ட வேண்டியிருந்தது. திட்ட வேண்டும் என்று வைத்திருந்ததெல்லாம் மறந்து, "இயேசப்பா, இயேசப்பா" என்று கண்ணைத் திறந்தபடியே கூவினேன். கோட்டில் ஒரு தோள் அளவுக்கு முந்தினாள்.

"ரெண்டாவது பாஸ்டர்!"

போனில் அல்லேலூயா கேட்டது. அவள் மூச்சிரைக்க வந்து மண்ணிலேயே முழங்கால் போட்டாள். என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "பாஸ்டர் லைன்ல இருக்காராம்மா? மீதிய முடிக்கச் சொல்லு."

"நீயே முடிம்மா" என்றார் அவர்.

அவள் முடித்தாள். இழுத்துவிடும் ஒவ்வொரு மூச்சுக்கும் நடுவில் ஒரு வார்த்தை வந்தது. அப்பா பெயர், என் பெயர், தம்பி பெயர், கூட ஓடித் தோற்றவளுக்கும் ஒரு வார்த்தை. எங்கும் தடுமாறவில்லை. அப்படி மூச்சு வாங்கும்போது ஜெபிப்பது அன்றைக்குப் புதிதாக வந்த பழக்கம் இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.