பாட்டு முழுதாகக் கேட்கப்பட்டது

செல்வராணி அக்கா நேற்று காலை காலமானார். ராஜபாளையத்தில், அவருடைய வீட்டிலேயே.

ஸ்ரீவில்லிபுத்தூரில் சிவில் வழக்குகள் நடத்திய வழக்கறிஞர் என்று உங்களில் சிலர் அவரை அறிவீர்கள். முகநூலில் மட்டும் பழகியவர்களுக்கு அவர் வேறு ஆள்... புகழ்பெற்ற ராக் ஆல்பங்களைப் பற்றி வரும் டாக்குமெண்டரிகளை ஒன்று விடாமல் பார்த்து, ஒன்று விடாமல் தள்ளுபடி செய்தவர்.

அதே நீதிமன்றத்தில் வழக்காடும் நான், நேரில் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே எழுதுகிறேன். செவிவழிச் செய்தி அவருக்கு ஆகாது.

அவருடைய அப்பா ராணுவத்தில் இருந்தவர். சொந்த ஊர் வ. புதுப்பட்டி. வடக்கே ராணுவக் குடியிருப்பில், பக்கத்து வீட்டில் ஓடிய ஒரு கேசட்டில் தொடங்கியது ராக் கேட்கும் இந்தப் பழக்கம் என்பது அக்காவே என்னிடம் சொன்னது. உலகமே அறிந்த ஆல்பம் அது.

அந்த ஆல்பம் உருவான கதை என்று ஒரு டாக்குமெண்டரி வெளியானபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டுக்கு அழைத்திருந்தார். டிவியின் சத்தம் போதாதென்று தன்னுடைய இரண்டு பெரிய ஸ்பீக்கர்களை இணைத்து வைத்திருந்தார்.

முதல் பாட்டு தொடங்கியது. கிட்டார் நுழைந்தது... உடனே இசை அமுங்கி, தாடி வைத்த ஒருவர் பேச ஆரம்பித்தார்.

அக்கா படத்தை நிறுத்தினார். "ஏலே தம்பி, இந்த ஆளு யாரு?"

"பத்திரிகையாளர்னு போட்டிருக்கு அக்கா."

"பாட்டு ரெக்கார்ட் பண்ணும்போது அந்த ரூம்ல இருந்தாரா?"

"வயசப் பாத்தா, அப்போ பிறந்திருப்பாரான்னே உறுதியாச் சொல்ல முடியல."

"பொறவு என்னத்துக்குப் பேசுதாரு? பத்திரம் நம்ம கையில இருக்கு. அதுல என்ன எழுதியிருக்குன்னு கேக்க, பக்கத்து வீட்டுக்காரனக் கூண்டுல ஏத்துவியா நீ?"

சட்டப்படி அது சரியான ஆட்சேபம். நான் மறுக்கவில்லை.

அக்காவின் கணவர் ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்றவர். நான் அத்தான் என்று அழைப்பேன். அவர் காபியோடு வந்து, "மில்லுல எம்புட்டு மெஷின் ஓடுனாலும் எனக்கு ஷிஃப்ட் முடிஞ்சா விடுதலை தம்பி. இந்த வீட்டுல ஓடுத மெஷினுக்கு மட்டும் ஷிஃப்டே கெடையாது," என்றார்.

"அவிய காதுக்கு ராக்கும் ஒண்ணுதான், மில்லுல ஓடுத ரிங் ஃபிரேம் மெஷினும் ஒண்ணுதான்," என்றார் அக்கா.

அந்த ஆல்பத்தில் உண்மையிலேயே டிரம்ஸ் வாசித்தவர், படம் முழுவதிலும் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார். அக்கா உயிராக நினைத்த கடைசிப் பாட்டு, படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது சில நொடி ஒலித்து அறுந்தது.

அன்று அவர் இட்ட பதிவு இரண்டே வரி. "பாட்டு முழுதாகக் கேட்கப்படவில்லை. மனு தள்ளுபடி."

அதன்பிறகு வந்த எல்லா டாக்குமெண்டரிகளுக்கும் அதே உத்தரவுதான். ஒரு முதிய சவுண்ட் எஞ்சினியர் மற்ற கருவிகளை எல்லாம் அடக்கிவிட்டுப் பாடகியின் குரலை மட்டும் தனியே கேட்கவைத்த படத்துக்கு மட்டும், பகுதி அனுமதி.

சென்ற மாதம் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். குரல் இறங்கியிருந்தது, ஆட்சேபம் இறங்கவில்லை.

"எனக்கும் இரங்கல் கூட்டம் வைப்பீக. ஆளாளுக்கு மைக்கப் பிடிச்சு, அம்மையார் சட்ட மேதைம்பீக... அந்த டாக்குமெண்டரிதாம்லே அது."

"இப்ப எதுக்கு அக்கா இந்தப் பேச்சு?"

"அன்னிக்கு என் கடைசிப் பாட்ட முழுசா ஓட விடு. அது ஓடும்போது ஒருத்தரும் பேசக் கூடாது."

"முயற்சி பண்ணுதேன் அக்கா."

"கேஸு குடுத்த கட்சிக்காரன்கிட்ட சொல்லுத மாதிரி சொல்லாத. உத்தரவாதம் குடு."

தொழிலில் நான் யாருக்கும் உத்தரவாதம் கொடுத்ததில்லை. அக்காவுக்குக் கொடுத்தேன்.

இன்று மாலை ஸ்ரீவில்லிபுத்தூரில், வழக்கறிஞர்கள் கூடும் ஹாலில் இரங்கல் கூட்டம் நடந்தது. அத்தான் அந்த இரண்டு ஸ்பீக்கர்களையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ராஜபாளையத்திலிருந்து வந்துவிட்டார்.

முதலில் ஒரு பாட்டு. அது முடியும்வரை யாரும் பேச வேண்டாம். இது அக்காவின் விருப்பம். இவ்வளவுதான் நான் சொன்னது.

எனக்குப் பயம் இருந்தது. நீளமான பாட்டு, நடுவில் ஓர் இடத்தில் இசை அநேகமாக இல்லை என்னும் அளவுக்குத் தேய்ந்துவிடும். புதிதாகக் கேட்பவர் பாட்டு முடிந்தது என்றே எண்ணுவார்.

அந்த இடம் வந்தது. முதல் வரிசையிலிருந்து மூத்த வழக்கறிஞர் ஒருவர் எழுந்து, தொண்டையைச் செருமியபடி மைக்கை நோக்கி நடந்தார்.

கையில் எடுத்தும்விட்டார். எத்தனையோ ஆட்சேபங்களை எழுப்பியவன் நான்; எழுவதற்குள் வேறொரு குரல் முந்திக்கொண்டது.

"ஐயா, செத்த நேரம் உக்காருங்க."

அத்தானின் குரல். நாற்காலியின் கையில் அவர் விரல்கள் தாளம் பிடித்துக்கொண்டிருந்தன.

"இன்னும் முடியல ஐயா. இந்தா... இப்ப டிரம்ஸ் வரும்."

வந்தது.

ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. வராண்டாவில் நின்ற கட்சிக்காரர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, பார்த்தபடியே நின்றுவிட்டார்கள். மூத்தவர் மைக்கை வைத்துவிட்டு அத்தான் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

கடைசிக் கிட்டார் ஒலி மறையும்வரை ஹாலில் ஒருவரும் ஒரு சொல் பேசவில்லை. இதற்கு நானே சாட்சி.

பிறகு மூத்தவர் அத்தானிடம் மெதுவாகக் கேட்டார். "நெசமாவே முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு ஐயா. இனிமே பேசலாம்."

அவர் எழவில்லை. வேறு யாரும் மைக் பக்கம் போகவில்லை.

அக்கா... பாட்டு முழுதாகக் கேட்கப்பட்டது. மனு அனுமதிக்கப்பட்டது.

போயிட்டு வாங்க.