காத்தாயி திரும்பிப் போனாளா

கதை வேறு, கதை எழுதியவன் வேறு என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது. படித்தவர்கள்தான் இதை அதிகம் சொல்கிறார்கள். என் மகன்கூடச் சொல்கிறான். அந்தப் பேச்சை நான் முதன்முதலில் கேட்டது கதை எழுதிய ஒருவனின் வாயிலிருந்தே என்பது அவனுக்குத் தெரியாது. என் அத்தையின் முகத்துக்கு நேரே அந்த ஆள் அதைச் சொன்னான்.

அப்போது நாங்கள் சாம்பியன் ரீப்ஸில் இருந்தோம். தங்கச் சுரங்கத்துக் கூலிகளுக்குக் கம்பெனி கட்டிக் கொடுத்த லைன் வீடு. வீடு என்று சொல்வது மரியாதைக்காக. நாலு பக்கமும் மூங்கில் தட்டி, மேலே ஒரு கூரை. ஜன்னல் கிடையாது. பட்டப்பகலில்கூட உள்ளே வெளிச்சம் வேண்டும். அப்பா சுரங்கத்துக்குள் வேலை செய்தார். உள்ளே எரித்து மிச்சமான மெழுகுவர்த்தித் துண்டைத் தலைத்துணி மடிப்பில் ஒளித்துக்கொண்டு வருவார். கம்பெனிச் சொத்து, பிடிபட்டால் வேலை போய்விடும். அந்தத் துண்டு வெளிச்சத்தில்தான் நாங்கள் கதை கேட்டோம்.

படிப்பவர் என் மாமா, அம்மாவின் தம்பி. மிஷன் பள்ளிக்கூடத்தில் சில வருடம் படித்தவர். எங்கள் வரிசையில் எழுத்துத் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான். மாதத்துக்கு ஒரு பாகம் என்று மெட்ராஸிலிருந்து ஒரு கதை வந்துகொண்டிருந்தது. ரயிலில் புத்தகம் விற்க வரும் ஒருவரிடம் மாமா வாங்கி வருவார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரிசைப் பெண்கள் எல்லாம் எங்கள் வீட்டில் நெருக்கிக்கொண்டு உட்காருவார்கள். மூச்சுவிட இடம் இருக்காது.

கதையில் வருபவள் பெயர் காத்தாயி. பண்ணையாள் மகள். ஆண்டையின் அடி தாங்காமல் தன் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு விடிகிற நேரத்தில் ஆற்றைக் கடந்து ஓடிப்போகிறாள். பசிக்கும்போது அவள் கையில் இருப்பதைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிப்பதை அந்த ஆள் எழுதியிருந்தான். வயிற்றில் தண்ணீர் ஆடும் சத்தத்தைக்கூட எழுதியிருந்தான். பொய் சொல்ல மாட்டேன், நன்றாக எழுதியிருந்தான். அதுதான் என் கோபத்துக்குக் காரணமே.

என் அத்தை, அப்பாவின் தங்கை, அதைக் கேட்டு வாயில் துணியை வைத்து அழுத்திக்கொள்வாள். அப்பாவும் அத்தையும் வடாற்காட்டுப் பக்கம் ஒரு ஊரில் ஒரே பண்ணைக்குக் கட்டுப்பட்டவர்கள். அங்கிருந்து ராத்திரியோடு ராத்திரியாக ஓடி வந்தவர்கள். எங்கள் வரிசையில் பாதிப் பேர் அப்படித்தான். ஊர்ப் பெயரை யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள். அது அங்கே எழுதாத சட்டம்.

"இத எழுதினவரு நம்மாளுதான்" என்றாள் அத்தை ஒருநாள். "பட்டினி கெடக்காதவன் இப்பிடி எழுத முடியாது."

"நம்மாளு புஸ்தகம் போடுறானா?" என்று அப்பா சிரித்தார். "போய் கல்லப் பொறுக்கு."

அத்தைக்குச் சுரங்கத்துக்கு மேலே தாதுக்கல் பொறுக்கும் வேலை. கூட இருந்த பெண்களிடம் எல்லாம் அவள் இதைச் சொன்னாள். கடைசியில் லைன் முழுக்க அதை நம்பியது. எழுதினவர் நம்மாள், சேரியில் பிறந்து மேலே வந்தவர். இப்படி ஒரு தப்பை எங்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். எங்கள் பசியைத் தெரிந்தவன் எங்கள் பக்கம்தான் இருப்பான் என்று நினைத்தோம்.

அந்த ஆள் எங்கள் ஊருக்கு வருகிறான் என்று சேதி வந்தது. கம்பெனி ஆபீஸில் கணக்கெழுதும் ரைட்டர்மார் அவனை வரவழைத்து, ஸ்டேஷன் பக்கத்துக் கொட்டகையில் பேச வைக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். அத்தைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒரு கோழியை அறுத்துக் குழம்பு வைத்தாள். கேழ்வரகுக் களி கிண்டினாள். தன் நல்ல புடவையை மடித்து உட்காருவதற்குப் பலகை மேல் விரித்தாள்.

"அவரு வந்து நம்ம வூட்டுல துன்னப் போறாரா?" என்றாள் அம்மா.

"நம்மாளு துன்னாம? வேற எங்க துன்னுவாரு அண்ணி?"

பறையடித்துக்கொண்டு லைன் ஆண்கள் அவனை எதிர்கொள்ளப் போனார்கள். ரைட்டர்மார் முகத்தைச் சுளித்தார்கள். அந்த ஆள் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டான். வெள்ளை வேட்டி, மூக்குக் கண்ணாடி, இனிமையான குரல். கொட்டகைக்குள் ரைட்டர்மார் உட்கார்ந்தார்கள். நாங்கள் வெளியே வெயிலில் நின்றோம். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு தட்டியோரம் போய் முன்னால் நின்றாள்.

முதலில் அவன் காத்தாயி ஆற்றைக் கடக்கும் இடத்தைத் தன் வாயாலேயே சொன்னான். வெளியே அத்தனை பேரும் அழுதோம். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மாட்டிக்கொண்டு தேசத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்.

கழனிகள் தரிசாகக் கிடக்கின்றன என்றான். அடிமைப்பட்ட சனங்கள் ஆண்டைகளை ஏமாற்றிவிட்டுத் தங்கச் சுரங்கத்துக்கு ஓடுகிறார்கள் என்றான். இப்படியே போனால் தர்மம் கெடும், பஞ்சம் வரும் என்றான். ஓடிவந்தவர்களைப் பிடித்து அவரவர் பண்ணைக்குத் திருப்பி அனுப்பச் சர்க்கார் சட்டம் போட வேண்டும், ஆண்டையின் அனுமதி இல்லாமல் ஒருவனையும் கம்பெனி வேலைக்கு எடுக்கக் கூடாது என்றான். அதே இனிமையான குரல்தான். ரைட்டர்மார் கை தட்டினார்கள். பறையடித்தவர்கள் பறையைக் கீழே வைத்தார்கள்.

நான் அத்தையைப் பார்த்தேன். அவள் என் கையை விட்டுவிட்டுத் தட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"சாமி, காத்தாயி திரும்பிப் போவணுமா?"

அந்த ஆள் சிரித்தான். கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்தான்.

"கதை வேற அம்மா. நாட்டு நடப்பு வேற."

"எனுக்குப் புரியல சாமி. அவ ஓடுனா எல்லாரும் அழுவுறீங்க. நாங்க ஓடுனா புடிச்சு அனுப்பணும்னு சொல்றீங்களே?"

'நாங்க' என்று சொல்லிவிட்டாள். அதற்குள் ஒரு ரைட்டர் எழுந்துவிட்டான்.

"இந்தா பொம்பளை, நீ எந்த ஊரு? எந்தப் பண்ணை ஆளு நீ?"

எங்களில் யாரும் யாரையும் கேட்காத கேள்வி. எனக்கு அர்த்தம் தெரியாது, ஆனால் சுற்றி நின்றவர்கள் பின்னால் நகர்ந்தது தெரிந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு அப்பா வந்தார். அத்தையின் கொண்டையைப் பிடித்து இழுத்து, எல்லார் முன்னாலும் கன்னத்தில் அறைந்தார்.

"எஜமான், இவ பைத்தியம். பேய் புடிச்சவ. ஊரும் தெரியாது பேரும் தெரியாது. மன்னிச்சுடுங்க."

இழுத்துக்கொண்டே வந்தார். பின்னால் அந்த ரைட்டர், "விசாரிக்கிறேன்டா உங்கள" என்று கத்தினான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கதைப் பாகங்களை எல்லாம் எடுத்து அடுப்புப் பக்கம் போட்டார்.

"உன் வாயாலயே நம்மளக் காட்டிக் குடுத்துட்டியே. அந்த ரைட்டரு ஊருக்கு ஆளனுப்பினா இன்னா செய்வே?"

"மச்சான், புஸ்தகம் இன்னா பண்ணிச்சு?" என்றார் மாமா. "அந்தாளு மோசம். கத நல்ல கதைதானே? ரெண்டையும் போட்டுக் கொழப்பாதீங்க."

"ஒரே கைதான்டா ரெண்டையும் எழுதுது!"

அத்தை கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பேசினாள். "எரிக்காத அண்ணா. இன்னும் ஒரு பாகம் பாக்கி கீது. வாய் ஒண்ணு சொல்லுது, கை ஒண்ணு எழுதுது. கடைசில கை இன்னா சொல்லுதுன்னு பாத்துடணும்."

கோழிக் குழம்பை அன்று யாரும் தொடவில்லை. நான் மட்டும் வயிறு முட்டச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

மறுநாளே லைன் பெரியவர்கள் கூடி, அந்தக் கதையை இனி எந்த வீட்டிலும் படிக்கக் கூடாது, படித்தால் அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருவரும் போகக் கூடாது என்று முடிவு செய்தார்கள். அத்தை வேலைக்குப் போனாள், வந்தாள். புது ஆள் யாராவது லைனுக்குள் நடந்து வந்தால் உள்ளே ஓடி மூலையில் உட்கார்ந்துகொள்வாள். சோறு பாதி மிச்சம் வைப்பாள். ஒரு சாயங்காலம் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னதை நான் கேட்டேன்.

"அண்ணி, தேடிக்கினு வந்தா அண்ணனையும் சேத்துதான் புடிப்பாங்க. நானே முன்னாடி போய் ஆண்டை கால்ல வுழுந்துட்டா அண்ணன வுட்டுடுவாரு இல்ல?"

"வாய மூடு. போனா உன்ன உசுரோட வுடுவானா?"

"காத்தாயி இன்னா பண்றான்னு பாக்கறேன். அவளுக்கும் தம்பி கீறான்."

இதை அம்மா மாமாவிடம் சொல்லியிருக்க வேண்டும். அதன் பிறகு மாமா சரியாகப் பேசவில்லை. அத்தை ஒரு மூட்டை கட்டி மூலையில் வைத்தாள். இரண்டு புடவையும் ஒரு சொம்பும்தான்.

கடைசிப் பாகம் வந்தது. மாமா சட்டைக்குள் ஒளித்து எடுத்து வந்தார். ஞாயிற்றுக்கிழமை, கதவுத் தட்டியை உள்ளே கட்டிவிட்டு எங்கள் குடும்பம் மட்டும் உட்கார்ந்தோம். வெளியே ஆள் நடமாட்டம் கேட்டால் அம்மா கையைத் தூக்குவாள், மாமா நிறுத்துவார். அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஆனால் எழுந்து போகவில்லை.

நான் மாமாவை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். நானும் அப்போது மிஷன் பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்திருந்தேன். அவர் படிக்கப் படிக்க நானும் விரல் வைத்துக்கொண்டு வந்தேன். காத்தாயியின் தம்பியை ஆண்டையின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அவள் மலை மேல் நின்று பார்க்கிறாள். அங்கே மாமா நின்றுவிட்டார். கண்ணை மட்டும் ஓட்டி அடுத்த பக்கத்தைப் பார்த்தார். திருப்பி அடுத்ததையும் பார்த்தார்.

"இன்னாச்சு? படி" என்றாள் அத்தை.

மாமா மூச்சை இழுத்துக்கொண்டு படித்தார். காத்தாயி ராத்திரி இறங்கிப் போய்த் தம்பியைக் கட்டவிழ்த்துத் தூக்கி வந்தாள். ரயில் ஏறினாள். ஆண்டையின் ஆட்கள் தேடித் தேடிக் கால் ஓய்ந்து திரும்பினார்கள். அவள் தூர ஊரில் வேலை செய்து தம்பியை வளர்த்தாள். தம்பிக்குக் கல்யாணம் ஆயிற்று. வரிக்கு வரி திக்கித் திக்கிப் படிக்கிற மாமா, அன்றைக்குத் தண்ணீர் ஓடுகிற மாதிரி படித்தார். பக்கத்தைத் திருப்பவே இல்லை.

என் விரல் நின்ற இடத்தில் ரயில் என்ற எழுத்தே இல்லை. நான் கூட்டிப் பார்த்தேன். 'காலில்' என்று இருந்தது. அடுத்த வரியில் 'விழுந்து' என்று இருந்தது. அதற்கும் கீழே 'மன்னித்தருளினார்' என்று ஒரு பெரிய வார்த்தை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"மாமா, இங்க..."

அத்தை என் தொடையைக் கிள்ளினாள். ரத்தம் கட்டிக்கொள்ளும் அளவுக்குக் கிள்ளினாள். நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நெற்றியில் வேர்வை வழிந்தது.

"அவ்ளோதான். முடிஞ்சுச்சு" என்றார் மாமா.

"திரும்பிப் போவல?"

"போவல."

"சத்தியமா அப்பிடித்தான் போட்டுக் கீதா?"

"போட்டுக் கீது."

அத்தை எழுந்து அவர் கையிலிருந்த பாகத்தை வாங்கினாள். மூலையில் இருந்த மற்றவற்றையும் எடுத்து எல்லாவற்றையும் அப்பாவின் மடியில் வைத்தாள்.

"இப்ப எரிச்சுக்கோ அண்ணா."

அப்பாவுக்குத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. "நல்லாத்தானே முடிஞ்சுச்சு?" என்றார். அவளே வாங்கி அடுப்பில் வைத்தாள். அதன் மேல் தண்ணீர்ப் பானையை ஏற்றினாள். தண்ணீர் காய்வதற்குள் மூட்டையை அவிழ்த்துப் புடவைகளைக் கொடியில் போட்டாள். ரைட்டர் விசாரித்தானோ இல்லையோ, அடுத்த வாரமே நாங்கள் அங்கேயே இருந்த பாலகாட் சுரங்கத்துப் பக்கம் வேறு லைனுக்குக் குடிபோனோம். யாரும் தேடி வரவில்லை. அத்தை அந்த மண்ணிலேயே கிழவியாகித்தான் செத்தாள். கதை எழுதிய அந்த ஆளின் பெயர் எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

கடைசிப் பாகம் படித்த மறுநாள் பள்ளிக்கூடத்தில் தொடையைத் தேய்த்துக்கொண்டே எல்லாப் பிள்ளைகளிடமும் சொன்னேன்: எங்கள் மாமாவுக்குச் சரியாகப் படிக்கத் தெரியாது, அவரைவிட நான் நன்றாகப் படிப்பேன்.