கன்று படுத்த சாக்கு

பொங்கலுக்குச் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் மாடுகளைக் கொண்டுவந்து கட்டுவார்கள். எனக்கு ஏழு வயதான ஆண்டு, அவற்றைப் பார்த்துக்கொண்டவர் என் மாமா. பண்ணையில் பால் கறப்பது அவர் வேலை.

திமிலுள்ள, வெயில் தாங்குகிற மாடுகள். பாலுக்கும் ஆகும், கறிக்கும் ஆகும் என்பதால் முதலாளி அந்த இனத்தை வளர்த்தார். பசு பாலுக்கு, காளைக்கன்று கறிக்கு, பால் தராத பசுவும் கறிக்கு. இதில் முதல் பகுதி மட்டுமே எனக்குச் சொல்லப்பட்டிருந்தது.

கன்று அருகில் இல்லாவிட்டால் இந்த மாடுகள் பாலை அடக்கிக்கொள்ளும். அங்கிருந்த செவலைப் பசுவின் காளைக்கன்றைப் போன வாரம்தான் அனுப்பியிருந்தார்கள். அன்றிலிருந்து அது சரியாகக் கறக்கவில்லை. கன்று படுத்திருந்த சாக்கை மாமா தேடி எடுத்துவந்தார். அந்த வாசனையை நம்பிப் பசு நக்கினால் பால் இறங்கும்.

காலை பத்து மணி. தடுப்பைச் சுற்றிக் கூட்டம், தூக்கிப் பிடித்த கைப்பேசிகள். முதலாளி தாழ்ந்த குரலில் சொன்னார்: "இன்னைக்கும் கறக்கலைன்னா கன்னு போன எடத்துக்கே இதையும் அனுப்பிடுவேன் லா. சும்மா வச்சுத் தீனி போட முடியாது."

"கறந்துடும் சார். கொஞ்சம் டைம் குடுங்க." மாமா சாக்கை என்னிடம் கொடுத்தார். "மூஞ்சிகிட்டயே புடிச்சுக்கணும்மா. நகரக்கூடாது."

பசுவின் விலாவில் நெற்றியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தார். அங்கிருந்து என்னைப் பார்க்க முடியாது.

கறந்தால் பசு இங்கேயே இருக்கும். கறக்காவிட்டால் கன்றிடம் போகும். சாக்கைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். பசு கழுத்தை நீட்டி மோப்பம் பிடித்தது. நான் ஓரடி பின்வாங்கினேன்.

"காட்டுறியா?"

"காட்டுறேன் மாமா."

வாளியில் சத்தமே இல்லை. மாமாவின் சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியது. "அஞ்சே நிமிஷம் சார்" என்று இரண்டு முறை கேட்டார். மூன்றாவது முறைக்கு முதலாளி காத்திருக்கவில்லை.

"போதும். நாளைக்கு லாரி வரும்."

மாமா எழுந்து வந்து சாக்கை வாங்கினார். எச்சில் படாமல் காய்ந்திருந்தது. இரண்டு பக்கமும் திருப்பித் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இனிமே ரெண்டும் ஒண்ணா இருக்கும்ல மாமா?" என்றேன்.

அவர் சாக்கை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"ஆமாம்மா."

அம்மா காத்திருந்த ஃபேரர் பார்க் ரயில் நிலையம் வரை மாமா என்னை அழைத்துப் போனார். என் கையை வழக்கத்தைவிட இறுக்கமாகப் பிடித்திருந்தார். பாராட்டு என்றே எண்ணிக்கொண்டேன்.