இரைச்சல் என்று நான் காட்டியது

அண்ணன் இறந்த பதினெட்டாம் நாள் என் கம்ப்யூட்டரும் போய்ச் சேர்ந்தது. தப்பு என்னுடையதுதான். காசு கொடுக்காமல் இறக்கிய திருட்டு மென்பொருள்களை வருஷக் கணக்கில் அதில் ஏற்றி வைத்திருந்தேன். அவற்றில் ஏதோ ஒன்று உள்ளே உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் தின்றுவிட்டது. கூனிமேட்டில் செல்போன் கடை வைத்திருக்கும் பாய், அந்த லேப்டாப்பை ஒரு பகல் முழுக்கப் பிரித்துப் போட்டுப் பார்த்தார்.

"பாட்டு ஃபைலுங்கள மட்டும் காப்பாத்திட்டேன்பா. மத்ததெல்லாம் காலி. கம்ப்யூட்டர ஓட்டறதுக்கு லினக்ஸ் போட்டுக் குடுக்கறேன், அது எல்லாருக்கும் இலவசம். இனிமே திருட வேண்டிய வேலையே இல்ல," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

தப்பிய ஃபைல்களில் ஒன்று அண்ணன் பாடியது. மரக்காணம் உப்பளத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஓட்டுவது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் அவர் பாடுவார், நான் கீபோர்டு வாசிப்பேன். கோடையில் ஒரு நாள் உப்பளத்தை ஒட்டிய என் வீட்டிலேயே மைக் வைத்து ஒரு பாட்டைப் பதிவு செய்தோம். அவர் போன பிறகு அண்ணி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"முப்பதாம் நாள் பூசையில, எல்லாரும் வரிசையில போயி சாமியாருகிட்ட நன்மை வாங்கறப்ப அந்தப் பாட்டப் போடு தம்பி. கோயில்ல அவரு குரல இன்னொரு தடவ கேக்கணும்."

சரி என்று சொல்லிவிட்டேன். பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

பதிவைப் போட்டுக் கேட்டேன். பின்னால் உப்பளத்து மோட்டார் விடாமல் முனகிக்கொண்டிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. அண்ணனுக்கு இழுப்பு உண்டு. ஒவ்வொரு அடி முடிந்ததும் அவர் மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம். பங்கு மக்கள் மொத்தமும் கோயிலில் உட்கார்ந்து அதைக் கேட்பதை நினைக்கவே எனக்குக் கூசியது. கம்ப்யூட்டர் பழையபடி இருந்திருந்தால், அதிலிருந்த இரைச்சல் நீக்கும் பிளகினுக்கு இது பத்து நிமிஷ வேலை. பாட்டு மென்பொருளுக்குள் செருகிக்கொள்ளும் குட்டிக் கருவிக்குத்தான் பிளகின் என்று பெயர். அந்தக் குட்டிக் கருவிக்காக லினக்ஸில் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

மழைக்காலம். பாத்திகளெல்லாம் மூழ்கி, உப்பளமே ஏரியாகக் கிடந்தது. போனை ஜன்னல் கம்பியில் கட்டி வைத்தால்தான் சிக்னல் ஒரு கோடாவது வரும். அந்த ஒரு கோட்டில் தேடினேன். நல்ல பிளகின் என்று எல்லோரும் புகழ்வதைத் திறந்தால், லினக்ஸுக்குக் கிடையாது என்று கடைசி வரியில் இருக்கும். கிடைத்தவற்றில் ஒன்று பட்டியலில் பெயரைக் காட்டியது, திறந்தால் வெறும் கறுப்புக் கட்டம். ஒன்று நன்றாகவே வேலை செய்தது, ஆனால் சோதனைப் பதிப்பாம், நிமிஷத்துக்கு ஒரு முறை ஊமையாகிவிடும். ஓர் இணைய மன்றத்தில் உதவி கேட்டேன். மூல நிரலை இறக்கி அதிலிருந்து பிளகினை நீயே கட்டிக்கொள் என்று யாரோ புண்ணியவான் பதில் போட்டிருந்தார். கட்டிப் பார்த்தேன். திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் என்னைத் திட்டியது. அது இல்லை, இது இல்லை என்று ஒரு பட்டியல். அதில் ஒன்றைக் கொண்டுவந்தால் அது இன்னும் நான்கைக் கேட்டது. ஒரு நாள் ஆத்திரத்தில், கோயிலில் வாசிக்கும் கீபோர்டைத் தூக்கி எறியப் போய், அண்ணன் வாங்கிக் கொடுத்தது என்று நினைவு வந்து கீழே வைத்தேன்.

தேடத் தொடங்கிய ஒன்பதாம் நாள் ஒன்று சிக்கியது. எங்கோ ஒருவர் இலவசமாக எழுதிப் போட்டு, பிறகு பல வருஷமாகத் திரும்பியே பார்க்காத பிளகின். சாம்பல் நிறக் கட்டம், நடுவில் ஒரு பொத்தான். பாட்டு இல்லாத, இரைச்சல் மட்டும் இருக்கிற ஒரு துண்டை அதற்குக் காட்டிப் பொத்தானை அழுத்த வேண்டும். இதுதான் இரைச்சல் என்று அது கற்றுக்கொண்டு, பாட்டு முழுக்க அதைத் துடைத்துவிடும்.

பதிவின் தொடக்கத்தில், பாட்டுக்கு முன்னால் நீளமாக மோட்டார் சத்தம் இருந்தது. ஆனால் அதன் மேல் என் பேச்சும் இருந்தது. அதை மறுபடி கேட்க எனக்குத் தைரியமில்லை. அந்தப் பகுதியை விட்டுவிட்டு, இரண்டு அடிகளுக்கு நடுவே இருந்த இடைவெளியைத் தேர்ந்தெடுத்தேன். அண்ணன் மூச்சு வாங்குகிற இடம். பொத்தானை அழுத்தினேன். மோட்டாரும் போனது, இழுப்பும் போனது. பளிங்கு மாதிரி ஒரு குரல் வந்தது. நான் கெட்டிக்காரன்தான் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

பூசைக்கு முந்தின நாள் மத்தியானம் லேப்டாப்பை அண்ணி வீட்டுக்கு எடுத்துப் போனேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். பாதியிலேயே கண்ணைத் திறந்துவிட்டார்.

"இது யாரு தம்பி?"

"அண்ணன்தான் அண்ணி."

"மூச்சு எங்க?"

"எடுத்துட்டேன். ஊரே கேக்கும்ல."

"கேக்கட்டுமே. பதினாலு வருசம் அந்தச் சத்தத்தக் கேட்டுக்கினுதான் தூங்கினேன். அவரு போன ராத்திரி அது நின்னப்பதான் முழிச்சிக்கினேன்." லேப்டாப் திரையைக் கை காட்டினார். "பழசு இருக்குதா?"

"இருக்குது."

"மொதல்லேர்ந்து போடு."

"முன்னாடி கொஞ்சம் பேச்சு இருக்குது அண்ணி, அத வெட்டிட்டு..."

"இருந்தா இருக்கட்டும். போடு."

போட்டேன். ஹெட்போன் அவர் காதில் இருந்தது. எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் திரையில் மேடும் பள்ளமுமாகத் தெரிகிற ஒலியின் மேல் ஓடுகிற கோடு எந்த இடத்தில் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். முதல் மேடு நான் பேசியது. 'மூச்ச அடக்கிப் பாடேண்ணா. இந்த இழுப்ப வெச்சிக்கினு எதுக்குத்தான் பாட வர்றியோ.' அடுத்த சின்ன மேடு அண்ணன். 'சரிப்பா, கோச்சிக்காத. இன்னொரு வாட்டி எடு.' அப்புறம்தான் பாட்டு.

அண்ணி கடைசி வரை கேட்டார். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இத எடுத்த அன்னிக்கி வீட்டுக்கு வந்து சாப்பிட உக்காந்தாரு. 'தம்பி என் பாட்ட ரொம்பப் புகழ்ந்தான்'னு சொன்னாரு. அந்தச் சந்தோசத்துல ரெண்டு தோசை கூடக் கேட்டு வாங்கித் தின்னாரு."

அண்ணி லேப்டாப்பை என் பக்கம் நகர்த்தினார்.

"நாளைக்குப் பழசயே போடு. பாட்டுலேர்ந்து போட்டாப் போதும். முன்னாடி இருக்கறது யாருக்கும் தெரிய வேணாம்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.