அண்ணியின் உள்ளங்கை

நானும் அண்ணியும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை. அண்ணிக்கு மாடி, எனக்குச் சமையலறை. மாடியில் இருப்பவர்களைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, ஊட்டிவிட்டு இறங்குவதற்குள் அண்ணிக்கு இடுப்பு விட்டுப்போகும். அப்படிப்பட்டவர் சீன எழுத்து படிக்கப் போகிறேன் என்றதும் அண்ணனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. கரண்ட் பில்லைக்கூட என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிற ஆளாயிற்றே என்றார்.

எல்லாம் மாடியில் இருந்த கப்பல்காரரால் வந்தது. அவர் சீனர், வாலிபம் முழுக்கக் கப்பலில் இயந்திரம் பார்த்தவர். எங்கள் பேச்சு அவருக்கு அரைகுறை. பக்கவாதம் வந்தபின் அதுவும் போயிற்று. வாயும் வலது கையும் விழுந்துவிட்டன. மிஞ்சிய இடது விரலால் அண்ணியின் உள்ளங்கையில் தினமும் ஏதோ எழுதுவார். பேனா பிடிக்க வரவில்லை. போன் திரையில் எழுத வைத்தால், அந்த நடுக்கத்துக்கு அது ஒவ்வொரு தடவையும் வேறு வார்த்தை சொன்னது. அவர் மொழி தெரிந்தவர் இல்லத்தில் யாருமில்லை.

புரியாவிட்டாலும் அண்ணி தலையாட்டுவார். உடனே கப்பல்காரரின் முகம் மலர்ந்துவிடும். சமர்த்தாகச் சவரம் செய்துகொள்வார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போடச் சைகை காட்டுவார். சாயங்காலம் வரை வாசலைப் பார்த்த நாற்காலியை விட்டு அசையமாட்டார். அதன்பின் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தால் சோற்றைத் தொடமாட்டார். என் சமையலில்தான் கோளாறு என்று மேலாளர் அம்மா என்னை வறுத்தெடுத்தார்.

"ஒரு மனுஷன் தினமும் என் கைல எழுதுறாரு. நான் மாடு மாதிரி தலையாட்டிட்டு வர்றேன். எனக்கே அசிங்கமா இருக்கு" என்றார் அண்ணி.

குழந்தைகளுக்கான எழுத்து அட்டை ஒன்றை வாங்கி, தண்ணீர், வலி, மருந்து என்று நோயாளி கேட்கக்கூடியதை எல்லாம் பார்த்துப் பார்த்து வரைந்தார். அச்சு அசலாக வந்தது. ஆனால் கப்பல்காரர் எழுதினால் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகுதான் விஷயம் விளங்கியது. அண்ணி எங்கே வசதியோ அங்கே தொடங்கி, எழுத்தைப் படமாக வரைந்து பழகியிருந்தார். காகிதத்தில் எழுத்து கண்முன் நிற்கும். உள்ளங்கையில் எதுவும் நிற்காது, ஒரு கோட்டின் மேலேயே அடுத்த கோடு விழும். எதற்குப் பின் எது என்று தெரிந்தவருக்குத்தான் அது எழுத்து, மற்றவர்களுக்கு வெறும் கிச்சுகிச்சு.

மறுபடி முதலிலிருந்து, அட்டையில் இருந்த எல்லா எழுத்தும். மேலிருந்து கீழே, இடமிருந்து வலமாக. பெட்டி மாதிரி எழுத்து என்றால் உள்ளே நிரப்பிவிட்டுக் கடைசியில்தான் அடிக்கோடு. சமையல் மேடையில் ஈரவிரலால் எழுதுவார், நான் துடைத்துவிட்டு ஏசுவேன். அப்புறம் கண்ணை மூடிக் கையை நீட்டுவார். கோடுகளின் வரிசையைக் காட்டும் வீடியோவைப் போனில் பார்த்து நான் அவர் கையில் எழுத வேண்டும். ஒரு கோடு முன்பின்னாகப் போனாலும், தப்பு, மறுபடி எழுது என்பார். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கரண்டியாலேயே ஒன்று வைத்திருப்பேன்.

ஒரு மத்தியானம் மாடியிலிருந்து இறங்கியவர் காய்கறிக் கூடைக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். புரிந்துவிட்டதா என்று கேட்டேன்.

"மகள்னு எழுதுறாரு. அப்புறம் வர்றதுன்னு ஒரு எழுத்து. அவ்வளவுதான். இன்னைக்கு என் மக வருவாளான்னு கேட்டிருக்காரு. இத்தனை மாசமா நான் வருவா, வருவான்னு தலையாட்டியிருக்கேன்."

மேலாளர் அம்மா அன்றே மகளுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் நாங்களும் கேட்டோம். எங்கள் பேச்சிலேயே பேசிய அந்தப் பெண் கோபப்படவில்லை, அழவுமில்லை. அவருக்கும் எனக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, எல்லாம் முடிந்தபிறகு தகவல் சொல்லுங்கள், அப்போதும் வருவேன் என்று நினைக்காதீர்கள் என்றாள். அவளைத் திட்ட எங்களுக்கு வாய் வரவில்லை. கப்பலே கதி என்று கிடந்த அப்பாவுக்காக அவள் எத்தனை வருஷம் வாசலைப் பார்த்தாளோ, யார் கண்டது.

படிக்காமலே இருந்திருக்கலாம் என்று அண்ணி அன்று முழுக்கப் புலம்பினார். எனக்கும் மனசே ஆறவில்லை. பழையபடி தலையாட்டிவிட்டு வந்தால் என்ன கெட்டுப்போகும் என்றேன்.

"கடைசி வரைக்கும் வாசலைப் பார்த்துட்டே கிடக்கணுமா அவரு?" என்றார்.

மறுநாள் காலை நானும் கூடப் போனேன். கப்பல்காரர் அண்ணியின் கையைத் தன் மடிமேல் இழுத்து வைத்து எழுதினார். அண்ணி அவர் முகத்தைப் பார்த்து, இல்லை என்று தலையசைத்தார்.

கப்பல்காரர் சற்றுக் குழம்பினார். பிறகு லேசாகச் சிரித்தார். அண்ணிக்குப் புரியவில்லை என்று நினைத்துவிட்டார். அந்த உள்ளங்கையைத் தன் சட்டையில் துடைத்து, மறுபடி எழுதத் தொடங்கினார். இந்தத் தடவை மெதுவாக, ஒவ்வொரு கோட்டுக்கும் நிறுத்தி, வரிசை தவறாமல்.