படத்தில் பூசிய திருநீறு

நான் சாமி கும்பிடுவதை விட்டபோது சாமியை இழந்துவிட்டதாக ஒருநாளும் தோன்றியதில்லை. பந்தியை இழந்துவிட்டேன், அதுதான் உறைத்தது. திருத்தணியில் காதுகுத்து, மொட்டை, கல்யாணம் எதுவானாலும் மலையில் தொடங்கி இலையில்தான் முடியும். மலைக்கு வராதவளை இலைக்கு மட்டும் எப்படிக் கூப்பிடுவது என்று சொந்தக்காரர்களுக்குச் சங்கடம். கூப்பிட்டபோதும், "உங்களுக்குத்தான் இதெல்லாம் ஆவாதே" என்று சிரித்துக்கொண்டே ஒரு குத்து குத்திவிட்டுத்தான் சோறு போட்டார்கள். அந்தக் குத்தையும் சேர்த்து விழுங்க எனக்குப் பிடிக்கவில்லை. நானே போவதை நிறுத்திக்கொண்டேன்.

என் கணவருக்கும் அதே கதைதான். நான் பொதட்டூர்பேட்டையில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். அவர் இங்கே, கரும்புத் தோட்டங்களிலிருந்து வரும் எரிந்துபோன மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். கல்யாணமாகி வந்த முதல் ஆடிக் கிருத்திகைக்கு மலைக்குக் கிளம்பச் சொன்னார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை என்று பயந்து பயந்து அவரிடம் சொன்னேன். "அப்பாடா" என்றார். ஜாதகக்காரர் சொல்லாத பொருத்தம் அது. எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அதற்கும் ஊர் இதையே காரணமாகச் சொன்னது. ஆடிக் கிருத்திகையன்று தெருவெல்லாம் காவடியும் அரோகராவுமாக இருக்க, நாங்கள் ஊரடங்கு போட்டதுபோல் கதவைச் சாத்திக்கொண்டு டிவி பார்ப்போம்.

அப்படி இருந்த எங்களுக்குக் கிடைத்தவர்தான் அண்ணன். கூடப்பிறந்தவர் இல்லை, ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடைக்காரர். கடை முழுக்க முருகன். ஆந்திராவிலிருந்து வரும் காவடிக் குழுக்களுக்குத் தெலுங்கிலும் அடித்துக் கொடுப்பார். தண்ணீர் மோட்டாரைச் சரிசெய்யப் போன என் கணவரிடம், தனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று அவர் மெல்லச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு வீட்டுக்கு வந்த மனிதரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பெண்ணுக்கு நல்ல மாப்பிள்ளை அமைந்த தகப்பன் மாதிரி இருந்தார்.

அண்ணன் மூலம் இன்னும் சிலர் சேர்ந்தார்கள். அதில் ஒருவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், தாத்தா காலத்திலிருந்து கிறிஸ்தவக் குடும்பம். அவர் விட்ட சாமி வேறு, நாங்கள் விட்ட சாமி வேறு. மாதாமாதம் கிருத்திகையன்று ஊர் விரதம் இருக்கும்போது, அண்ணன் கடை மொட்டைமாடியில் நாங்கள் மட்டன் குழம்பு வைத்து, இலை போட்டு, வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். சின்னப்பிள்ளைத்தனம்தான், எனக்கும் தெரியும். கறியை முந்தின நாளே வாங்கி வைத்துவிடுவேன். கிருத்திகை என்றைக்கு என்று இந்த ஊரில் எங்களைப்போல் மறக்காமல் பார்த்துவைத்தவர்கள் கிடையாது. பந்தி எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. "இன்னொரு கரண்டி ஊத்தும்மா" என்று அண்ணன் கேட்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துபோகும்.

அண்ணன் கடையில் இன்னொரு வேலையும் நடக்கும். செத்தவர்களின் படம். ரேஷன் கார்டிலிருந்தும் கல்யாண ஆல்பத்திலிருந்தும் முகத்தை வெட்டியெடுத்துக்கொண்டு வருவார்கள். நெற்றி வெறிச்சென்று இருக்கிறது, பட்டை போடுங்கள் என்பார்கள். திருநீற்றுப் பட்டையும் நடுவில் குங்குமமும் கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும். அண்ணன் மவுஸால் இழுத்து வந்து நெற்றியில் ஒட்டிவிடுவார். இன்றைக்கு எத்தனை பேருக்கு பக்தி ஏற்றினாய் என்று என் கணவர் அவரைக் கிண்டல் செய்வார். இவர் நெற்றியில் புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு உண்டு. சிறுவயதில் மலைப்படியில் விழுந்து அடிபட்டது. முருகன் எனக்குப் போட்ட பட்டை இது ஒன்றுதான், வேறு வேண்டாம் என்று அதைத் தடவிக்கொண்டே சொல்வார்.

அவருக்குச் சிறுநீரகம் கெட்டு, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அண்ணனும் கண்டக்டரும் வந்து கட்டிலருகே உட்கார்ந்தார்கள். கருமாதி வேண்டாம், படத்திறப்பு வையுங்கள், நாலு பேர் நாலு வார்த்தை பேசிவிட்டுச் சாப்பிட்டுப் போங்கள் என்றார் இவர். அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மொட்டைமாடியில் சாப்பிட்டுவிட்டு இவர் வாய்விட்டுச் சிரித்ததை அண்ணனே ஒருமுறை கேமராவில் எடுத்திருந்தார். அந்தப் படத்தையே வைப்பதாகச் சொன்னார்.

"நெத்தியில ஒண்ணும் பூசிடாத நைனா" என்றார் என் கணவர். எல்லோரும் சிரித்தோம். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் கையால பூசுவனா?" என்றார்.

என் கணவரை எரித்துவிட்டு வந்த மறுநாள் பால் வாங்கத் தெருமுனைக்குப் போனேன். மின்கம்பத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு பேனர் கட்டியிருந்தது. என் கணவர் சிரித்துக்கொண்டிருந்தார். நெற்றி நிறையப் பட்டை, நடுவில் குங்குமம். மேலே 'இறைவனடி சேர்ந்தார்' என்று பெரிய எழுத்து. கீழே கொழுந்தனார் குடும்பத்தின் பெயர்கள், கடைசியில் 'மற்றும் நண்பர்கள்'. மூலையில் அண்ணன் கடைப் பெயர். அது மொட்டைமாடிப் படம்தான். பால் வாங்காமலே நேரே கடைக்கு நடந்தேன்.

கண்டக்டரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். "எங்கூட்டுக்காரருக்கு யாருண்ணா பட்டை போட்டது?" என்று கேட்டேன்.

அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கொழுந்தனார் வந்து அழுததையும், ஆடி மாதக் காவடி பேனர் ஆர்டரெல்லாம் அவர் கைவழியாகத் தனக்கு வருவதையும், முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல வாய் வராததையும் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"செத்தவனுக்கு இன்னாம்மா தெரியப் போவுது? அதைத்தான நாம இத்தினி நாளா சொல்லிகினு இருக்கறோம்."

இதை ஒரு பக்தன் சொல்லியிருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன். அண்ணனோ, எங்கள் மொட்டைமாடியில், எங்கள் இலைக்கு முன்னால் உட்கார்ந்து நாங்கள் பேசிய பேச்சையே எடுத்து என் முகத்தில் எறிந்தார்.

"அவருக்குத் தெரியாதுண்ணா. எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்" என்றேன்.

"உடும்மா, ஊரோட ஒத்துப் போவணும்ல" என்றார் கண்டக்டர். பேனரை அடிப்பதற்கு முன்பே அவரும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னாராம்.

இருக்கும் ஆத்திரத்துக்கு அங்கேயே எல்லாவற்றையும் போட்டு உடைத்திருப்பேன். ஆனால் இவர்களையும் விட்டால் எனக்கு வேறு யார்? படத்திறப்புக்கு வந்து பேச வேறு யார் இருக்கிறார்கள்? அந்த நினைப்பு என் வாயைக் கட்டிவிட்டது. பழைய படம் இருக்கிறதல்லவா என்று மட்டும் கேட்டேன். "ஆங், வெறும் நெத்தியோட நானே ஃபிரேம் போட்டு எடுத்தாறேன்" என்றார் அண்ணன்.

பத்தாம் நாள் கொழுந்தனார் அவர் வீட்டில் ஐயரை வைத்துக் கருமாதி செய்தார். நான் என் வீட்டில் மட்டன் குழம்பு வைத்தேன். மொட்டைமாடிக் கூட்டம் முழுக்க வந்திருந்தது. அண்ணன் படத்தைத் துணியால் மூடிக் கொண்டுவந்து வாசலில் ஒரு நாற்காலியில் சாய்த்துவைத்தார். எல்லோரும் பேசினார்கள், நன்றாகவே பேசினார்கள். கொள்கை மாறாத மனிதர் என்றார் அண்ணன். கண்டக்டர் அழுதார். பிறகு என்னைத் திறக்கச் சொன்னார்கள்.

துணியை எடுத்தேன். பட்டை இல்லை, குங்குமம் இல்லை. தழும்பும் இல்லை. நெற்றி புதுத் தட்டுபோல வழவழவென்று இருந்தது.

அண்ணன் என் காதருகே குனிந்து சொன்னார். "பட்டை போட்டது பழசு மேலயே சேவ் ஆயிட்சும்மா. அதான் பட்டையை அழிச்சிட்டுத் தோலு கலர்ல பூசி உட்டேன். எப்டி வந்துருக்குது பாரு, வித்தியாசமே தெரியல."

நன்றாக வந்திருக்கிறது என்று சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அத்தனை கிருத்திகை அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். அந்தத் தழும்பைத் தேடியவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை. படத்தில் சிரித்துக்கொண்டிருந்தது யாரோ ஒருவர்.

நான் துணியைத் திரும்பப் போட்டு மூடினேன். வெயில் படும் என்பதற்காக மூடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. இலை போட்டேன். வரிசையாக உட்கார்ந்தார்கள். அண்ணன் இன்னொரு கரண்டி குழம்பு கேட்டார், ஊற்றினேன். கடைசியில் எனக்கும் ஒரு இலையைப் போட்டு, உட்கார் தங்கச்சி என்று இடம் விட்டார்கள். எனக்குப் பசியில்லை என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டேன்.