அரை ஆம்ப்ளிஃபயர்

அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவன் மில்லி. இந்தப் பெயரைக் கேட்டதும் ஆள் சாயங்காலமானால் பாட்டிலைத் திறப்பவன் என்று மாமனார் பயந்துபோய், கல்யாணத்துக்கு முன்னால் ஆள் விட்டு விசாரித்தார். விசாரித்தவன் வந்து சொன்ன செய்தி அதைவிட மோசம். "குடிக்கிறதெல்லாம் இல்லைங்க. மில்லி செகண்டாம், ஒரு வினாடிய ஆயிரமா வெட்டி, அதுல ரெண்டு மூணு துண்டு காணோம்னு நாள் பூரா தேடிக்கிட்டு இருக்காரு."

மில்லி பார்த்த வேலை அதுதான். கிட்டார் வாசிப்பவர்கள் காலடியில் போட்டுக்கொள்ளும் இரும்புப் பெட்டி ஒன்றைச் செய்தான். கிட்டார் கம்பியின் சத்தம் ஒரு பக்கம் உள்ளே போகும். மறுபக்கம் வரும்போது, ரெண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய கண்ணாடிக் குழல் போட்ட பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் வழியாக வந்ததுபோல் உறுமிக்கொண்டு வரும். பெட்டிக்குள் வால்வும் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஒரு சின்ன ப்ராசஸர் உட்கார்ந்து கணக்குப் போடும். கணக்குக்கு நேரம் பிடிக்கும். நேரம் பிடித்தால் விரல் இன்றைக்குத் தட்டியது நாளைக்குக் கேட்பதுபோல் இருக்கும். அந்தத் தாமதத்தைத்தான் மில்லி கண்ணில் விழுந்த தூசி மாதிரி வெறுத்தான். தன் கல்யாணத்துக்கே கடைசி ஆளாக வந்து சேர்ந்தவனுக்கு இப்படி ஒரு வெறுப்பு.

டயர் கடைக்கு மேல் மாடியில் மூன்று அறைகள்தான் கம்பெனி. முதலாளி, மில்லியின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். கிட்டாருக்கு எத்தனை கம்பி என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். ஆனால் அடுத்த கம்பெனிக்காரன் பெட்டியின் மேல் என்ன அச்சடித்திருக்கிறான் என்பது தலைகீழ்ப் பாடம்.

"மாப்ள, அவன் பெட்டியில நூறு ஆம்ப்ளிஃபயர் இருக்காம். நம்மகிட்ட?"

"ஒண்ணு, மச்சான்."

"ஒண்ணா! ஒத்தப் புள்ளைய பெத்தவன் மாதிரி பெருமையா வேற சொல்றீங்க."

"நூறையும் சுமாரா வைக்கலாம். ஒண்ண ஒழுங்கா வைக்கலாம். இருக்கிற ப்ராசஸர் ஒண்ணுதானே."

"சரி, பெரிய ப்ராசஸர் போடுங்க."

"சூடாகும். ஃபேன் வைக்கணும். மெதுவா வாசிக்கிறப்ப ஃபேன் சத்தம்தான் கேக்கும்."

"அப்ப தொடுதிரையாவது வைங்க, பார்க்க நல்லா இருக்கும்."

"ஷூ காலால மிதிக்கிற பெட்டி மச்சான் இது."

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பது பழமொழிதான். இந்தத் தொழிலில் அதுவே காலை முதல் மாலை வரை வேலை. மில்லி எப்போதோ மீசைப் பக்கம் சாய்ந்துவிட்டான். அவன் வீட்டுக் கூடத்தில் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர், வந்த விருந்தாளி போகாமல் தங்கிவிட்டதுபோல் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தது. மனைவி அதன் தலையில் துண்டு காயப்போடுவாள். அந்த ஒன்றை அப்படியே பெட்டிக்குள் இறக்க வேண்டும் என்பது அவன் சபதம். வால்வு சூடேறும்போது வரும் குழைவு, அழுத்தி வாசித்தால் மூச்சுத் திணறும் தினுசு, எல்லாவற்றையும் கணக்காக்கினான். ப்ராசஸரில் ஈ உட்கார இடமில்லை. தாமதமும் இல்லை. வாசித்தால் நெஞ்சில் குத்தியது.

மச்சான் கடைசியில் ஒரு நிபந்தனை வைத்தார். வாடிக்கைக்கார கிட்டாரிஸ்ட் ஒருவன் இருந்தான். வாசல் நிலையில் தினமும் தலை இடிப்பவன், அதனால் பெயர் நெட்டை. "நெட்டை மேடையில வாசிக்கட்டும். சரின்னு சொன்னா உங்க பெட்டிய அப்படியே போடுறோம். இல்லன்னா வெளியில ரெடிமேட் சர்க்யூட் போர்டு கிடைக்குது, வாங்கி நம்ம ஸ்டிக்கர ஒட்டிருவோம். நீங்க பெட்டிக்கு என்ன பெயின்ட்னு பாத்துக்கிட்டு நிம்மதியா இருக்கலாம்."

பெயின்ட் பார்ப்பதற்கா மில்லி இத்தனை வருஷம் காதைத் தீட்டினான்?

நிகழ்ச்சி ஒரு துணிக்கடைத் திறப்பு. நண்பகல் வெயில், தற்காலிக மேடை, முன்வரிசையில் கடை முதலாளியின் சொந்தபந்தம். நெட்டை முதல் பாட்டை மெல்ல ஆரம்பித்தான். சத்தம் தேன் மாதிரி இழைந்தது. மச்சானே தலையாட்டினார். பாட்டு உச்சிக்கு ஏறுகிற இடம் வந்தது. டிரம்ஸ்காரர் கையை ஓங்கினார். நெட்டை, மெல்லிய சத்தத்திலிருந்து உறுமல் சத்தத்துக்கு மாறக் காலால் பெட்டியை மிதித்தான்.

ஒன்றும் கேட்கவில்லை.

நெட்டையின் விரல்கள் கம்பியில் ஓடுகின்றன, முகம் உணர்ச்சியில் சுளிக்கிறது, சத்தம் மட்டும் இல்லை. ஒரு மூச்சு விட்டு வாங்கும் நேரம்தான். அதற்குள் பாட்டு முடிந்துவிட்டதென்று முன்வரிசை கைதட்டிவிட்டது. டிரம்ஸ்காரர் ஓங்கிய கையை எங்கே இறக்குவதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு உறுமல், தூங்கி எழுந்தவன் சண்டைக்கு வருவதுபோல், தனியாக வந்து நின்றது.

மேடையிலிருந்து இறங்கியதும் நெட்டை பெட்டியை மில்லியின் மடியில் வைத்தான்.

"என்னண்ணே இது? மாத்துறதுக்குள்ள நான் போய் ஒரு டீ குடிச்சிட்டு வந்திருவேன்."

"பழைய சத்தத்த இறக்கிட்டுத்தான் புதுச ஏத்தணும் தம்பி. உள்ள எடமில்ல."

"அத ஜனங்ககிட்ட மைக்கில சொல்லட்டுமா? நீங்க வாசிக்கிறப்ப மாத்தவே மாட்டீங்களா?"

மில்லி மாத்தியதே இல்லை. அதுதான் விஷயம். அவனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு மெட்டு. நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே சத்தத்தில், அதையே வருஷக்கணக்காக வாசித்துத்தான் பெட்டியைச் சோதித்திருந்தான். வாசித்துக்கொண்டே மிதித்தால் என்ன ஆகும் என்ற கேள்வி அவன் காலுக்கு எழவே இல்லை. ஆயிரத்தில் மூன்று பங்கைத் துரத்திக்கொண்டு ஓடியவன், முழுசாக ஒரு மூச்சு நேரத்தை வழியில் தவறவிட்டிருந்தான்.

பரிகாரம் அவனுக்குத் தெரியும். ப்ராசஸரைப் பாதியாகப் பிரிக்க வேண்டும். ஒரு பாதி வேலை செய்ய, மறு பாதி சும்மா காத்திருக்கும். மிதித்ததும் அந்தப் பாதி புதுச் சத்தத்தை எடுத்துக்கொள்ளும். இடைவெளியே இருக்காது. ஆனால் அவன் ஆம்ப்ளிஃபயர் பாதிக்குள் அடங்க வேண்டும். குழைவையும் மூச்சுத் திணறலையும் பாதியாக வெட்ட வேண்டும்.

"வெட்டினா அது செத்த சத்தம்," என்றான் வீட்டில். "எனக்குக் கேட்டிரும்."

மனைவிக்குக் கண் மருத்துவமனையில் பார்வை சோதிக்கும் வேலை. நாள் முழுக்கக் கண்ணாடி வில்லையை மாற்றி மாற்றி, 'இது தெளிவா, இது தெளிவா' என்று கேட்டுக் கேட்டு மனிதர்களைப் பற்றி அவளுக்கு ஒரு தனிக் கருத்து உருவாகியிருந்தது.

"வெட்டிக் கொண்டாங்க, பாத்துருவோம்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மில்லி மூன்று பெட்டிகளை வரிசையாக வைத்தான். ஒன்றில் முழுசு. ஒன்றில் பாதி. மூன்றாவதில் மச்சான் ஆசைப்பட்ட நூறு, அதற்கே உரிய தாமதத்தோடு. அவள் அவனைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்து, பின்னால் மாற்றுச் சுவிட்சோடு நின்றாள். அவன் அந்த ஒரே மெட்டை வாசித்தான்.

டக்.

"ஆ... இதுதான் முழுசு. அந்தக் கதகதப்பப் பாரேன்."

டக்.

"ச்சீ. வெட்டினது. அட்டைப் பெட்டிக்குள்ள வாசிச்ச மாதிரி."

டக்.

"திரும்ப முழுசு வந்திருச்சு! உனக்கே தெரியலையா?"

டக்.

"அய்யய்யோ, இது உங்கண்ணன் பெட்டி. வெரல்ல பசை ஒட்டின மாதிரி இருக்கு."

இப்படியே போனது. கடைசியில் அவள் சுவிட்சை வைத்துவிட்டு நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"எங்கண்ணன் பெட்டிய ஒரு தடவகூட நீங்க தப்பா சொல்லல. அது சத்தியமா உங்களுக்குத் தெரியுது."

"நான்தான் சொன்னேனே."

"ஆனா மொதல்ல கதகதப்புன்னீங்களே, அது வெட்டினது."

"இருக்காது."

"அப்புறம் அட்டைப் பெட்டின்னீங்க இல்ல? நான் எதையும் மாத்தவே இல்லைங்க. டக்குனு சத்தம் மட்டும் கொடுத்தேன். திரும்ப வந்திருச்சுன்னு குதிச்சப்பவும் மாத்தல. ஆஸ்பத்திரியில இப்படித்தான், அதே கண்ணாடியையே திரும்பப் போடுவோம். 'இப்பத்தான் மேடம் உலகமே தெரியுது'ம்பாங்க."

மில்லி கிட்டாரைக் கீழே வைத்தான். பெட்டிகளைப் பார்த்தான். துண்டு போர்த்திய ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தான். கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் அது கொஞ்ச நேரம் கூடத்தில் சுற்றிவிட்டு அடங்கியது.

"இன்னொரு தடவ வைக்கலாமா?" என்றான்.

"வைக்கலாம். கண்ணுக்கும் காதுக்கும் பொய் சொல்ல அலுக்கவே அலுக்காது."

இன்னொரு தடவை வைத்தார்கள். இன்னும் மோசமாகத் தோற்றான்.

மறுநாளே ப்ராசஸரைப் பாதியாகப் பிரித்தான். விரலுக்கும் காதுக்கும் இடையிலான வேகத்தில் மட்டும் மயிரிழைகூட விட்டுக்கொடுக்கவில்லை. நெட்டை மாடிக்கே வந்து, வழக்கம்போல் நிலையில் இடித்துக்கொண்டு, பெட்டியை மிதித்து மிதித்துப் பார்த்தான். உறுமல், இழைவு, உறுமல். ஒட்டுப்போட்ட இடமே தெரியவில்லை.

"இது போதும்ணே. அந்தப் பழைய சத்தம் அப்படியே இருக்கு பாருங்க, அதுல மட்டும் கை வச்சிராதீங்க."

"சேச்சே," என்றான் மில்லி, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

மச்சான் ரெடிமேட் போர்டுக்காரனுக்கு போன் போட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பெட்டிக்குத் தகடு வெட்ட ஆர்டரும் கொடுத்தார். அப்புறம் மில்லியின் மேஜைக்கு வந்து கம்ப்யூட்டர் திரையை உற்றுப் பார்த்தார்.

"மாப்ள, பாதி ப்ராசஸர் சும்மா கெடக்குதுன்னு காட்டுதே?"

"ஆமா மச்சான்."

"சும்மாதானே கெடக்கு. அதுல ஒரு தொண்ணூத்தொம்பது ஆம்ப்ளிஃபயர்..."

மில்லி திரையை அணைத்துவிட்டு, பெட்டிக்கு எந்த நிறத்தில் பெயின்ட் அடிக்கலாம் என்று மச்சானிடம் கேட்டான். அன்று முழுக்க அவர் அதையே பேசிக்கொண்டிருந்தார்.